இரண்டு ரங்கராஜன்கள்: எழுதக் கற்க யாரிடம் போவது?

1960களில் குமுதம் அலுவலகத்துக்கு ஒரு சின்னச் சங்கடம் வந்தது. உள்ளே உதவி ஆசிரியராக ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்தார். கும்பகோணத்துக்காரர், ரா.கி.ரங்கராஜன். வெளியிலிருந்து இன்னொரு ரங்கராஜன் கதை அனுப்ப ஆரம்பித்தார். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர், மத்திய அரசு வேலைக்காரர், எஸ்.ரங்கராஜன். ஒரே பத்திரிகையில் இரண்டு ரங்கராஜன்கள் எழுதினால் வாசகர் குழம்புவார். பின்னால் வந்தவர் விட்டுக்கொடுத்தார். மனைவியின் பெயரை வைத்துக்கொண்டு சுஜாதா ஆனார்.

இந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த இருவரையும் ஒரே பலகையில் உட்காரவைத்துப் பார்த்தவர்கள் குறைவு. இருவருக்கும் எது கேட்டாலும் எழுதிக் கொடுக்கிற கை. சிறுகதை, தொடர்கதை, நாடகம், சரித்திரக் கதை, திகில், சினிமா வசனம், பத்தி என்று எதற்கும் தயங்கியதில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று நம்பி அதற்காக மெனக்கெட்ட சில தமிழ் எழுத்தாளர்களில் இருவரும் உண்டு. ரா.கி.ர. தபாலில் பாடம் நடத்தினார். சுஜாதா புத்தகம் போட்டார், வாரப் பத்திகளில் வகுப்பெடுத்தார்.

“கதை எழுதக் கற்றுக்கொள்ள என்ன செய்யலாம் சார்?” என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் “நிறையப் படியுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுவது எழுத்தாளர்களின் வழக்கம். நீச்சல் கற்க வந்தவனைக் கிணற்றடியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிரு என்பது போன்ற பதில் அது. நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. இந்த இரண்டு வாத்தியார்களில் யாரிடம் முதலில் போவது, யாருடைய பிழைப்பை மாதிரியாக எடுத்துக்கொள்வது என்று நேராகவே பார்த்துவிடலாம். நடுநிலை என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். பதினெட்டு வயதில் நான் வரிசை மாற்றிப் போய் மூன்று நான்கு வருடங்களைத் தொலைத்தவன்.

சோறு போட்டது எது?

முதலில் வயிற்றுப்பாடு. எழுத்தாளர் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கடைசியில் அரை வரியில் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள்.

ரா.கி.ர. 1927 அக்டோபர் 5 அன்று பிறந்தவர். அப்பா சமஸ்கிருதப் பண்டிதர். பதினாறு வயதில் எழுத ஆரம்பித்த பையன், 1946இல் ‘சக்தி’ பத்திரிகையிலும் அடுத்து ‘காலச்சக்கர’த்திலும் உதவி ஆசிரியர் வேலை பார்த்தார். 1950இல் குமுதத்தார் நடத்திய ‘ஜிங்லி’ என்ற சிறுவர் பத்திரிகை வழியாக உள்ளே நுழைந்தவர், அதன்பின் நாற்பது வருடங்களுக்கு மேல் குமுதத்திலேயே இருந்தார். ஆசிரியர் எஸ்.ஏ.பி.அண்ணாமலை, அவருக்கு இடமும் வலமுமாக ரா.கி.ர., ஜ.ரா.சுந்தரேசன், புனிதன் என்று மூவர். வாரம் பிறந்தால் பக்கங்கள் நிரம்பியாக வேண்டும். எழுத்துதான் உத்தியோகம். ‘இன்று மனசு சரியில்லை’ என்று எழுதாமல் இருக்கிற வசதி அந்த நாற்காலிக்குக் கிடையாது.

சுஜாதா எட்டு வருடம் இளையவர், 1935 மே 3 பிறந்த நாள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். சிவில் விமானப் போக்குவரத்துத் துறையில் பல வருடங்கள், பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் அங்கே அவருக்குப் பெரிய பங்கு உண்டு. காலையில் மின்சுற்று, இரவில் அவர் கதைகளில் துப்பறியும் வக்கீல்களான கணேஷும் குறும்புக்கார வசந்தும். பத்திரிகையிலிருந்து மணியார்டர் வந்தாலும் வராவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும்.

இருவருக்கும் மாதச் சம்பளம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். சம்பளமே இல்லாமல் எழுதிய மூன்றாவது வகைக்கு அசோகமித்திரன் இருக்கிறார். 1966இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு எழுத்தையே நம்பினார். அவருடைய கதைகளில் வருகிற சில்லறைக் கணக்குகள் கற்பனையில் வந்தவை என்று நான் நினைக்கவில்லை. தமிழில் எழுதி மட்டும் குடும்பம் நடத்துவேன் என்று கிளம்புகிறவர்கள் அவரைப் படித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இரண்டு சம்பளங்களும் ஒன்றல்ல. அலுவலகச் சம்பளம் சுஜாதாவுக்கு ஒரு திமிரைக் கொடுத்தது. நல்ல திமிர். வேண்டாத இடத்தில் எழுதமாட்டேன் என்று சொல்லலாம். ‘கணையாழி’ போன்ற சிற்றிதழில் காசை எதிர்பார்க்காமல் கடைசிப் பக்கம் எழுதலாம், அடுத்த வாரமே வெகுஜனப் பத்திரிகையில் கொலைக்கதை தொடங்கலாம். பத்திரிகைச் சம்பளம் ரா.கி.ர.வுக்குக் கொடுத்தது பயிற்சி. எடுத்துக்கொண்டது பெயரை. அவருடைய பெயர் நின்ற சரித்திர நாவலான ‘நான், கிருஷ்ணதேவராயன்’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்பது ஒரு வேடிக்கை. ஆயுள் முழுக்க ஒரு வீட்டில் சமைத்தவர், விருந்துச் சாப்பாட்டை எதிர்வீட்டில் போட்டார்.

வேஷமும் பாணியும்

பெயர் என்றேன். ரா.கி.ர.வின் பெயர் விவகாரம் தனிக் கதை. சூர்யா என்ற பெயரில் சிறுகதைகள். ஹம்சா என்ற பெயரில் வேடிக்கை நாடகங்கள். துரைசாமி என்றால் உண்மைக் கதைகள், கிருஷ்ணகுமார் என்றால் திகில், மாலதி என்றால் குறும்பு. முள்றி மழலைக் கட்டுரை எழுதினார், அவிட்டம் நையாண்டிக் கவிதை எழுதினார். சினிமாச் செய்திக்கு வினோத். இத்தனை பேரும் ஒரே மேசையில் ஒரே பேனாவில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் சிறுகதைகள், ஐம்பது நாவல்கள் என்பது அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இது வெறும் எண்ணிக்கை என்று ஒதுக்கிவிடக் கூடாது. கிருஷ்ணகுமார் திகிலில் மாலதியின் குறும்பு எட்டிப்பார்த்தால் கதை கெட்டது. துரைசாமியின் உண்மைக் கதையில் ஹம்சாவின் நாடகத்தனம் தலைகாட்டினால் வாசகர் நம்பமாட்டார். வாக்கியத்தின் நீளம், சொல்லின் வயது, கதை சொல்பவனின் குணம் மூன்றையும் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். பகல் வேஷக்காரர்கள் தெருவுக்கு வந்த காலத்தை நினைவுள்ளவர்கள் யோசித்துப் பாருங்கள். திங்கள்கிழமை போலீஸ்காரராக வந்தவர் செவ்வாய்க்கிழமை பைராகியாக வருவார். நேற்று வந்தவர்தான் என்று ஊர் கண்டுபிடித்துவிட்டால் வேஷம் தோற்றது.

சுஜாதா நேர் எதிர். எந்த ராகம் பாடினாலும் இரண்டு நிமிடத்தில் யார் பாடுகிறார் என்று காட்டிக்கொடுத்துவிடுகிற வித்வான். தொடர்கதையா, புறநானூற்றுக்கு எளிய அறிமுகமா, ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்ற கேள்வி பதிலா, எதுவானாலும் பெயரை மூடிவைத்துவிட்டு இரண்டு பத்தி படித்தால் போதும். குட்டையான வாக்கியம். நடுவில் திடீரென்று ஓர் ஆங்கிலச் சொல், தமிழ் எழுத்தில். ‘என்றான்’, ‘என்றாள்’ பாதி இடங்களில் கிடையாது; பேசுவது யார் என்று பேச்சே சொல்லும். படியில் ஒருவன் இறங்கினால் ‘இறங்கினான்’ என்ற சொல்லின் எழுத்துகளும் பக்கத்தில் படிப்படியாக இறங்கும். இதை அச்சுக்கோத்தவர்கள் அன்று என்ன சொல்லித் திட்டினார்களோ!

பல்துறை எழுத்தாளர் என்று இருவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். சுஜாதாவின் பல்துறை பொருளில் இருக்கிறது. மூளை, கணிப்பொறி, பிரபந்தம், ஹைக்கூ, கொலை எல்லாவற்றையும் ஒரே குரல் தொட்டது. ரா.கி.ர.வின் பல்துறை குரலிலேயே இருக்கிறது. எழுதுகிறவனின் கெட்டிக்காரத்தனத்தை மட்டும் எடைபோட்டால் இரண்டாவதே கடினமான வித்தை என்பேன். ஆனால் வாசகர் கெட்டிக்காரத்தனத்துக்குக் காசு கொடுப்பதில்லை, குரலுக்குக் கொடுக்கிறார். சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். சுஜாதா எதிரே அடுக்கிவைக்கப்பட்டிருப்பார். ரா.கி.ர.வைக் கேட்டால் பையன் உள்ளே போய்த் தேடி எடுத்து வருவான்.

மொழிபெயர்ப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம். பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஷாரியர் தன் சிறைவாசத்தையும் தப்பித்தல்களையும் பற்றி எழுதி 1969இல் வெளிவந்த நூலை ரா.கி.ர. ‘பட்டாம்பூச்சி’ என்ற பெயரில் குமுதத்தில் தொடராகத் தமிழாக்கினார். கடலும் தீவும் கைதிகளுமான அந்த அந்நிய உலகத்தை வாராவாரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தமிழர்கள் படித்தார்கள். தன்னை முழுக்க மறைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பும் இன்னொரு புனைபெயர்தான். சுஜாதா இதைச் செய்திருந்தால் அந்தக் கைதி இரண்டாவது அத்தியாயத்திலேயே வசந்த் மாதிரி ஜோக் அடித்திருப்பான். நான் சுஜாதா ரசிகன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

பாடம் நடத்திய விதம்

இனி என் கதை. பதினெட்டு வயதில் நான் போனது சுஜாதாவிடம். அந்த வயதில் வேறு யாரிடம் போவது? வாக்கியங்களைக் குட்டையாக்கினேன். ‘என்றான்’களை வெட்டினேன். கதாநாயகன் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு அலட்சியமாகப் பேசினான். எங்கள் தெருவில் அப்படிப் பேசுகிற ஒருவனும் கிடையாது. எங்கள் தெருவில் பேசியவர்கள் ரேஷன் கடை வரிசையைப் பற்றியும் மூலவியாதியைப் பற்றியும் பேசினார்கள். ஐந்து கதைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுயவிலாசமிட்ட உறையில் திரும்பி வந்தன. நான்கில் அச்சடித்த வருத்தச் சீட்டு. ஐந்தாவதில் மட்டும் ஒரு புண்ணியவான் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார். வசந்த் நலமா என்று விசாரித்திருந்தார்.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் ரா.கி.ர.வின் ‘எப்படிக் கதை எழுதுவது?’ கண்ணில் பட்டது. அவர் தபால் வழியாக நடத்திய பாடங்கள் பிற்பாடு நூலான வடிவம் அது. இதற்கு முன்பும் தமிழில் இந்த வகை முயற்சி இல்லாமல் இல்லை. எழுத்தாளர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் கட்டுரைகளை மகரம் ‘எழுதுவது எப்படி?’ என்று தொகுத்திருக்கிறார். ஆனால் எழுத்தாளர் தன் அனுபவத்தைச் சொல்வது வேறு, உன் கதையில் எங்கே பிசகு என்று சொல்வது வேறு.

வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியருக்குத் தெரிகிற ஒன்று பெரிய நாவலாசிரியர்களுக்குக் கூடத் தெரியாது. கெட்ட கதைகள். நாவலாசிரியர் நல்ல கதைகளைத் தேடிப் படிக்கிறார். உதவி ஆசிரியர் மூட்டை மூட்டையாக வருகிற கெட்ட கதைகளைப் படிக்கிறார். முதல் இரண்டு பக்கத்தில் சூரியன் உதித்துக்கொண்டே இருக்கும் கதை. எல்லாம் கனவு என்று முடிகிற கதை. கணவனும் மனைவியும் பட்டிமன்றம் மாதிரி பேசிக்கொள்கிற கதை. லாரி வந்து மோதி ஆசிரியரைக் காப்பாற்றுகிற கதை. நாற்பது வருடம் இதைப் படித்தவருக்குக் கதை எந்த மூட்டில் உளுத்துப்போகும் என்பது தச்சருக்கு மரம் தெரிவது போலத் தெரிந்துவிடும். கரு, தொடக்கம், உரையாடல், முடிவு என்று ரா.கி.ர. பேசும்போது கோட்பாடு பேசுவதில்லை. பட்டறை பேசுகிறார்.

தபால் என்ற ஊடகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று கேட்டால் பழங்காலத்து விஷயமாகத் தோன்றும். எனக்கு அது எழுத்துக்கு மிகப் பொருத்தமான வகுப்பறையாகப் படுகிறது. நேரில் கதை சொல்கிறவன் கையை ஆட்டி, குரலை இறக்கி, காகிதத்தில் இல்லாததையெல்லாம் முகத்தால் நிரப்பிவிடுவான். தபாலில் முகம் போகாது. காகிதத்தில் இருப்பது மட்டும்தான் போய்ச்சேரும், வாசகருக்கும் அது மட்டும்தான் போகப்போகிறது. பதில் வரப் பத்து நாள் ஆகும். அதற்குள் எழுதியவனுக்கே தன் கதையில் பாதி அலுத்துப்போயிருக்கும். அந்த அலுப்பு நல்ல வாத்தியார்.

அவருடைய பாடத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அது வாரப் பத்திரிகைக் கதைக்கான பாடம். வாசகர் பஸ்ஸில் நின்றுகொண்டு படிப்பார், நடுவில் டிக்கெட் எடுப்பார், இறங்குவதற்குள் கதை முடிந்து ஒரு சின்ன அதிர்ச்சியோ சிரிப்போ கிடைக்க வேண்டும் என்ற கணக்கில் எழுந்த இலக்கணம். பூடகமான சிறுகதைகள் எழுதிய மௌனியைப் போல எழுத விரும்புகிறவனுக்கு அந்த இலக்கணம் உதவாது, தடையாகவே இருக்கலாம். அச்சில் வார்த்த செங்கல் வீடு கட்ட உதவும். சிற்பம் வடிக்கக் கொண்டுபோனால் கல்லைக் குறை சொல்லக் கூடாது.

சுஜாதா என்ன கற்பித்தார்? இங்கேதான் எனக்கு நெடுநாள் புரியாதிருந்த ஒன்று இருக்கிறது. சிறுகதையை அவர் கற்றுக்கொடுத்ததைவிட எழுதிக் காட்டியதுதான் அதிகம். எழுதிக் காட்டினால் மாணவன் வித்தையைப் பிடிப்பதற்கு முன் பாணியைப் பிடித்துக்கொள்கிறான். நான் பிடித்துக்கொண்டது போல. ஒரு தலைமுறையே அப்படிப் பிடித்துக்கொண்டது. தமிழில் கணினியைப் பற்றி எழுத வந்தவர்கள், இணையத்தில் முதலில் எழுத வந்தவர்கள் பலரின் முதல் பத்தியில் அவர் சாயல் தெரியும். சுஜாதாவின் மாணவனை அடையாளம் கண்டுவிடலாம். ரா.கி.ர.வின் மாணவனைக் கண்டுபிடிக்க முடியாது, சாயல் விழாமல் எழுதுவதுதானே அங்கே பாடம்.

ஆனால் ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’யை எடுத்துப் பாருங்கள். அங்கே இருப்பது வேறு சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸ்காரர். திரைக்கதை ஒரு வரைபடம். உள்ளா வெளியா, பகலா இரவா என்று காட்சிக்குத் தலைப்பு வேண்டும். தோராயமாக ஒரு பக்கம் ஒரு நிமிடம். தொடக்கம், முரண், தீர்வு என்று மூன்று பகுதிக்கும் பக்க அளவு உண்டு. கேமராவில் பிடிக்க முடியாததை எழுதாதே. ‘அவன் மனம் வெதும்பியது’ என்று எழுதினால் அதை எந்த லென்ஸ் எடுக்கும்? எங்கள் ஊர்ப் பக்கம் சினிமாவுக்குக் கதை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களிடம் கதை இருந்தது, காகிதம் இல்லை. அதைக் காகிதத்தில் எப்படி இறக்குவது என்று தமிழில் எளிமையாகச் சொன்ன புத்தகம் அதுதான். அளவுகோல் உள்ள இடத்தில் சுஜாதாவின் குரல் ஒதுங்கிக்கொண்டது, வாத்தியார் வெளியே வந்தார்.

சினிமாவில் இருவரின் தடங்களும் குறுக்கே ஓடுகின்றன. ரா.கி.ர.வின் கதைகள் 1962இல் ‘சுமைதாங்கி’யாகவும் 1963இல் ‘இது சத்திய’மாகவும் படமாயின. முப்பது வருடம் கழித்து, 1994இல் வந்த ‘மகாநதி’யில் கமல்ஹாசனோடு சேர்ந்து எழுதினார். சுஜாதாவுக்கு 1986இல் ‘விக்ரம்’, 1992இல் ‘ரோஜா’, 1996இல் ‘இந்தியன்’. ‘மகாநதி’ பேச்சில் கும்பகோணத்துக்காரரின் காது கேட்கிறது என்பது என் எண்ணம். ஆனால் எந்த வரி யாருடையது என்று பிரித்துக் காட்ட வழியில்லாதபடி அது படத்துக்குள் கரைந்திருக்கிறது. ‘இந்திய’னில் சில வரிகள் திரையைவிட்டு எழுந்து ‘நான் சுஜாதா’ என்று கைதூக்கும். திரையரங்கில் கைதட்டு வாங்கியதும் அவைதான்.

சுஜாதா கற்பித்த இன்னொன்று உண்டு. என் கணக்கில் அதுவே அவருடைய பெரிய கொடை. படிக்கக் கற்றுக்கொடுத்தார். கணையாழியின் கடைசிப் பக்கத்திலும், பிற்பாடு ஆனந்த விகடனின் ‘கற்றதும் பெற்றதும்’ பத்தியிலும் யாரோ முகந்தெரியாத இளைஞனின் கவிதையை எடுத்துவைத்து, இதில் எந்த வரி வேலை செய்கிறது பார் என்று காட்டுவார். நா.முத்துக்குமாரின் ‘தூர்’ கவிதை பரவலாகத் தெரியவந்ததில் அவர் பங்கு பெரிது. மூன்று வரி எழுதினால் ஹைக்கூ ஆகிவிடாது என்று ஒரு நூலே எழுதினார். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்து வாசகர்களை எழுதவைத்தார். லட்சக்கணக்கான பேர் படிக்கிற பத்திரிகையில் தளை தட்டுகிறதா என்று வாசகர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1936இலேயே எழுத்துப் பட்டறையைத் தொடங்கிவிட்டது. வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கதையை மற்றவர்கள் அலசுவதும், முடிவில் பட்டம் வாங்குவதும் அங்கிருந்துதான் உலகெங்கும் பரவின. அதே ஊரில் 1967இல் தொடங்கிய பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்கு 1973இல் அசோகமித்திரன் போனார். திரும்பி வந்து அவர் பட்டறை எதுவும் தொடங்கவில்லை. ‘ஒற்றன்!’ எழுதினார். குளிரும் தனிமையும் பல நாட்டு எழுத்தாளர்களின் கிறுக்குத்தனங்களும் நிறைந்த அந்த நாவலைப் படித்தால், எழுத்தாளர்களை ஒரே கட்டடத்தில் அடைத்தால் என்ன ஆகும் என்பது விளங்கும்.

இன்று தமிழிலும் இரண்டு நாள் முகாம், இணைய வழி வகுப்பு, கட்டணம் என்று வந்துவிட்டது. குறை சொல்லமாட்டேன். எழுத்தாளருக்கு வருமானம், எழுத வருகிறவருக்கு நாலு சிநேகிதர்கள். ஆனால் பல வகுப்புகளில் கதைகள் திருத்தப்படுவதைவிட எழுத்தாளர் ரசிக்கப்படுவது அதிகம். உங்கள் கையெழுத்துப் பிரதியில் யாராவது பென்சில் வைத்தார்களா என்று பாருங்கள். வைக்கவில்லை என்றால் போனது வகுப்புக்கு அல்ல, கச்சேரிக்கு.

சரி, யாரிடம் முதலில்?

என் வரிசை இது. கதை எழுத வருகிறவர் ரா.கி.ர.விடம் முதலில் போகட்டும். அவருடைய பாடங்களைப் படித்துவிட்டு, பாடத்தில் எழுதாமல் வாழ்க்கையில் செய்து காட்டியதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளட்டும். ஒரே சம்பவத்தை இரண்டு புனைபெயர்களில் எழுதுவது. வீட்டுக்காரர் வாடகை கேட்டு வருகிறார். அதை ஒரு கிழவர் எழுதியதாக ஒரு முறை, பதினைந்து வயதுப் பெண் எழுதியதாக ஒரு முறை. பாணி பிடிக்கும் காய்ச்சலுக்கு நான் அறிந்த மருந்து இதுதான். ஆறு மாதம் போதும்.

அதற்குப் பிறகு சுஜாதாவிடம் போகலாம். முதலில் ‘ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்’. அந்தக் கதைகளில் தெருவும் மனிதர்களும் முன்னால் வந்து, குரல் ஒரு சிறுவனின் பின்னால் நிற்கும். இந்தத் தெரு உனக்கு இருக்கிறதா என்று உங்களையே கேட்கவைக்கும். சினிமா ஆசை உள்ளவர்கள் மட்டும் இந்த வரிசையை மீறி நேரே அவருடைய திரைக்கதைப் புத்தகத்துக்குப் போகலாம். அங்கே தொற்றிக்கொள்ளும் பாணி எதுவும் இல்லை. கட்டுரையும் அறிவியலும் எழுத விரும்புகிறவர்களுக்கும் அவரே. கடினமானதைச் சொல்லும்போது வாசகரை மடையன் என்று நினைக்காத தொனி தமிழில் அவரிடம்தான் முழுமையாகக் கிடைக்கும்.

பிழைப்புக்கு? இந்தக் கேள்வியில் நான் கட்சி மாறுகிறேன். ரா.கி.ர. உட்கார்ந்த நாற்காலி இன்று பத்திரிகை அலுவலகங்களில் அநேகமாக இல்லை. வாரம் மூன்று கதை வெளியிட்டு, அவற்றைப் படிக்கவும் திருத்தவும் மூன்று எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்த காலம் போய்விட்டது. சுஜாதாவின் ஏற்பாடு இன்றும் செல்லும். பகலில் ஒரு நேர்மையான வேலை, இரவில் எழுத்து. வேலை கொஞ்சம் அலுப்பானதாக இருந்தால் இன்னும் நல்லது, சாயங்காலம் எழுத மிச்சம் இருக்கும்.

சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். ரா.கி.ர. 2012 ஆகஸ்ட் 18 அன்று. சாகித்ய அகாதமி விருது இருவருக்கும் கிடைக்கவில்லை.

நான் அந்தப் பயிற்சியைச் செய்தேன். எங்கள் தெருவின் ரேஷன் கடை வரிசையை ‘கோமளா’ என்ற பெயரில், வரிசையில் நிற்கும் ஒரு பெண் எழுதியதாக எழுதி அனுப்பினேன். ஜீன்ஸ் இல்லை, ஜோக் இல்லை, வசந்த் இல்லை. அச்சாகிவிட்டது. ஒன்றரை மாதம் கழித்துத் தபால்காரர் வாசலில் நின்று, “இந்த வீட்டில் கோமளா யார்? மணியார்டர் வந்திருக்கிறது, எழுபத்தைந்து ரூபாய். கையெழுத்துப் போட வேண்டும்” என்றார். நான் திருதிருவென்று விழித்தேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தபால்காரரின் பேனாவை வாங்கி, நிதானமாக, கோமளா என்று எழுதினாள்.